அதிகம் ஓட்டாதவருக்கு ஹைபிரிட் கார் சரிப்படுமா? ஒரு கணக்கு டீச்சரின் நோட்டிலிருந்து

பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைபிரிட் கார் என் தம்பியிடம் ஒன்று இருக்கிறது. அதைப் பதினான்கு சனிக்கிழமைகள் நான் ஓட்டினேன். வண்டி அவனுடையது, அது சும்மா நின்று கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. மகளின் பிரசவத்துக்காக மனைவியுடன் டல்லாஸ் போயிருந்தான். அதற்கு முந்தைய முறை போனபோது வண்டிக்கு உறை போட்டு, பூட்டி, சாவியை பீரோவில் வைத்துவிட்டுப் போனான். ஏழு வாரம் கழித்து வந்து ரிமோட்டை அமுக்கினால் விளக்குகூடக் கண் சிமிட்டவில்லை. பதினெட்டு லட்ச ரூபாய் வண்டி, கதவைத் திறக்கக்கூட மறுத்துவிட்டது. ஆகவே இந்த முறை கிளம்பும்போது சாவியை என் கையில் திணித்து, "வாரம் ஒருமுறை எங்காவது ஓட்டிவிடு, அக்கா" என்றான்.

நான் இருப்பது மதுரை திருநகரில். அவன் வீடு அண்ணா நகரில். சனிக்கிழமை காலையில் என் பழைய காரில் அங்கே போய், அதை அவன் வாசலில் நிறுத்திவிட்டு, அவன் வண்டியில் புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன் திருப்பதி வழியாக அழகர்கோவில் போய்த் திரும்புவேன். வரும்போது வேண்டுமென்றே கோரிப்பாளையம் நெரிசலில் ஒருமுறை நுழைந்து வருவேன். மொத்தம் 45 கிலோமீட்டர். பதினெட்டாம்படிக் கருப்பருக்கு வாரம் தவறாமல் ஒரு கும்பிடு போட்ட புண்ணியம் தனிக்கணக்கு.

இதைக் கேள்விப்பட்ட கோயம்புத்தூர் மகன், நானும் ஒரு ஹைபிரிட் வாங்கிவிட வேண்டும் என்று தொடங்கினான். பெட்ரோல் மிச்சம், கிளட்ச் இல்லை, முழங்காலுக்கு நல்லது என்றான். முப்பத்திரண்டு ஆண்டு அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தி 2022-ல் ஓய்வு பெற்றவள் நான். யாராவது "மிச்சம்" என்று சொன்னால் எவ்வளவு என்று கேட்காமல் விட முடியாது. நோட்டைத் திறந்தேன். நான் போட்ட கணக்கை உங்கள் எண்களை வைத்து நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் உங்கள் ஓட்டத்தை அளந்துவிடுங்கள்

குறைவாக ஓட்டுகிறேன் என்று சொல்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒருவர் தினமும் வண்டி எடுப்பார். பேத்தியைப் பள்ளியில் விட்டு, உழவர் சந்தையில் காய் வாங்கி, ஆறேழு கிலோமீட்டரில் வீடு திரும்புவார். இன்னொருவர் மூன்று வாரம் வண்டியைத் தொடவே மாட்டார். பிறகு ஒரே நாளில் திருச்செந்தூர் போய் வருவார். ஆண்டு முடிவில் இருவர் மீட்டரிலும் ஏறக்குறைய ஒரே எண்தான் ஏறியிருக்கும். மனிதர்களுக்கு இது ஒன்றுபோலத் தெரியலாம், வண்டிக்கு ஒன்றல்ல. குறைவாக ஓட்டுவது பணக் கணக்கைக் கெடுக்கும். எப்போதாவது ஓட்டுவது வண்டியையே கெடுக்கும். எது உங்கள் கதை என்று தெரியாமல் ஷோரூம் படி ஏறாதீர்கள்.

அளப்பது எளிது. பழைய சர்வீஸ் பில்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். நான் ஆண்டுக்கு ஏழெட்டாயிரம் ஓட்டுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று ஆண்டு பில்களைக் கழித்துப் பார்த்தால் 11,460 கிலோமீட்டர். ஆண்டுக்கு 3,820. வேலைக்குப் போன காலத்து ஓட்டத்தையே மனம் இன்னும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதோடு நிற்காமல், அந்த ஓட்டம் எந்தச் சாலையில் என்றும் பிரியுங்கள். எனக்கு மாதம் ஒருமுறை ராஜபாளையம் போக வேண்டும். அம்மா அங்கே இருக்கிறார்கள். போக வர 170 கிலோமீட்டர். பன்னிரண்டு மாதத்துக்கு 2,040. மீதி 1,780 கிலோமீட்டர்தான் ஊருக்குள்: கண் மருத்துவமனை, கல்யாண மண்டபங்கள், மாட்டுத்தாவணியில் பூ. மீனாட்சியம்மன் கோவிலுக்குக் கார் எடுத்துப் போகும் தைரியம் எனக்கு இல்லை, பஸ்தான். ஆக என் ஓட்டத்தில் பாதிக்கு மேல் நெடுஞ்சாலை. ஹைபிரிட் தன் முழுத் திறமையைக் காட்டுவது நின்று நின்று போகும் ஊர்ச் சாலையில். நான்கு வழிச் சாலையில் சீராகப் போகும்போது பெரும்பாலும் இன்ஜின்தான் உழைக்கும், அதனால் மிச்சமும் குறையும்.

கடைசியாக ஒரு எண். கடந்த ஓராண்டில் வண்டி தொடர்ந்து அதிகபட்சம் எத்தனை நாள் நின்றது? எனக்கு 19 நாள். மே மாதம் மகன் வீட்டில் இருந்தபோது. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

"இதுவும் ஹைபிரிட்தான், மேடம்"

ஷோரூமில் என்னிடம் இப்படிச் சொன்னார்கள். அந்த "உம்"மில்தான் சூட்சுமம். இரண்டு வகை வண்டிகள் ஒரே பெயரில் உலவுகின்றன. மென் (மைல்டு) ஹைபிரிட்டில் ஒரு சிறிய மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும், சிக்னலில் இன்ஜினை அணைத்து எழுப்பும். தான் மட்டும் தனியாக வண்டியை இழுக்காது. மாருதி "ஸ்மார்ட் ஹைபிரிட்" என்று விற்பது இந்த வகை. வலு (ஸ்ட்ராங்) ஹைபிரிட்டில் இன்ஜின் தூங்கிக்கொண்டிருக்க மோட்டாரே வண்டியை நகர்த்தும். கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டிலும் உள்ள ஹைபிரிட் ரகங்கள், இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட், ஹோண்டா சிட்டி ஹைபிரிட் எல்லாம் இதில் சேரும். விற்பனையாளரிடம் ஒரே கேள்வி போதும்: இன்ஜின் எழாமல் இந்த வண்டி நகருமா? தயங்கினால் அது மென் வகை. அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம், அதற்காக அந்த வண்டியை ஒதுக்கிவிடவும் வேண்டாம். இனி நான் ஹைபிரிட் என்று சொல்வதெல்லாம் வலு வகையைத்தான்.

"தானே சார்ஜ் ஆகிக்கொள்ளும்" என்ற வசனமும் காதில் விழும். உண்மைதான், ஆனால் அந்த மின்சாரம் வானத்திலிருந்து இறங்குவதில்லை. நீங்கள் போட்ட பெட்ரோலில் ஓடும் இன்ஜின் கொஞ்சம் கொடுக்கிறது. பிரேக் பிடிக்கும்போது சூடாக வீணாகப் போயிருக்கும் ஆற்றலை மோட்டார் திரும்பப் பிடித்துக் கொஞ்சம் கொடுக்கிறது. பேட்டரியும் பெரியது அல்ல. கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஹைபிரிட்டில் இருப்பது 0.76 கிலோவாட் மணி. மின்வாரியக் கணக்கில் சொன்னால் முக்கால் யூனிட். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்கும்போது மலைப்பாதையில் பாதி தூரம் வருவதற்குள் அது நிரம்பிவிடும். அதற்குப் பிறகு இறக்கத்தில் கிடைப்பதைச் சேர்த்துவைக்க இடமில்லை. பிடித்து, உடனே செலவழித்து, மறுபடி பிடிப்பதற்காகச் செய்த பேட்டரி அது. நிற்கிற வண்டியில் அதற்கு வேலையே இல்லை.

கணக்கு

மகன் செய்த முதல் பிழை, ஷோரூம் ஹைபிரிட்டை என் 2013 மாடல் சிறிய காரோடு ஒப்பிட்டது. அதே வண்டியின் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ரகத்தோடுதான் ஒப்பிட வேண்டும். எனக்குக் கொடுத்த விலைப்பட்டியலில் இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டரை லட்சம். அதோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள புதிய காருக்கு ஆயுள் வரி (வாங்கும்போதே ஒரேமுறை கட்டும் சாலை வரி) 18 சதவீதம். கூடுதல் விலைக்கும் அது உண்டு: 45,000 ரூபாய். ஆக, ஹைபிரிட் என்ற சொல்லுக்காக நான் கூடுதலாகக் கட்டுவது 2,95,000.

மைலேஜ். கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டுக்குச் சோதனைக்கூடத்தில் வந்த அளவு லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். சோதனைக்கூடத்தில் நெல்பேட்டை மாடு குறுக்கே வராது. தம்பி வண்டியில் நான் டேங்கை முட்ட நிரப்பி, 14 வாரம் முடிந்து மறுபடி முட்ட நிரப்பிப் பார்த்தேன்: 630 கிலோமீட்டருக்கு 28.6 லிட்டர். லிட்டருக்கு 22. வண்டியின் திரை என்னவோ 24 என்று காட்டியது. திரையை நம்பாதீர்கள், பங்க் பில்லை நம்புங்கள். அதே அளவுள்ள பெட்ரோல் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் தன் பில்களைக் காட்டினார்: 15.

பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 80 காசு. ஹைபிரிட்டுக்கு 4 ரூபாய் 64 காசு. மிச்சம் 2 ரூபாய் 16 காசு. என் 3,820 கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு 8,251 ரூபாய். கட்டிய 2,95,000 திரும்ப வர 35 ஆண்டுகளும் 9 மாதங்களும் ஆகும். எனக்கு இப்போது 63. போட்ட முதல் கைக்கு வரும்போது 99 வயதை நெருங்கியிருப்பேன். அதுவரை ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்துத் தருவார்களா என்பது அடுத்த கவலை.

விற்கும்போது அந்த 2,95,000-த்தில் பாதி திரும்ப வரும் என்று தாராளமாக வைத்தாலும் 18 ஆண்டு.

இதில் வட்டியைச் சேர்க்கவில்லை. அந்த 2,95,000 ரூபாயை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் ஆண்டுக்கு 20,650 வரும். பெட்ரோல் வண்டியில் என் ஓராண்டுப் பெட்ரோல் செலவே 26,000 ரூபாய்தான். ஐந்தில் நான்கு பங்கு பெட்ரோலை வட்டியே போட்டுவிடுகிறது, முதலும் அப்படியே இருக்கிறது. மகனிடம் இதைச் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

நீங்கள் போட வேண்டிய கணக்கு இவ்வளவுதான்: விலை வித்தியாசத்தோடு அதன் ஆயுள் வரியைக் கூட்டி, கிலோமீட்டருக்கு மிச்சமாகும் தொகையால் வகுத்துவிடுங்கள். என் எண்களுக்கு 1,36,000 கிலோமீட்டர் சொச்சம் வந்தது. அவ்வளவு ஓடினால்தான் சமம், அதற்குப் பிறகுதான் லாபம். எட்டு ஆண்டில் அதை எட்ட வேண்டுமானால் ஆண்டுக்கு 17,000. தினமும் 47 கிலோமீட்டர். மதுரையிலிருந்து திருமங்கலம் வேலைக்குப் போய் வந்து, மாலையில் ஊருக்குள்ளும் ஒரு சுற்று சுற்றுபவரின் ஓட்டம் அது. என்னுடையது அல்ல.

எட்டு ஆண்டு என்று ஏன் சொன்னேன்? டொயோட்டா, மாருதி, ஹோண்டா மூன்றும் ஹைபிரிட் பேட்டரிக்குத் தரும் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. என்னைப் போன்றவர்களுக்கு எப்போதும் ஆண்டுதான் முந்தும். எட்டு ஆண்டில் நான் ஓட்டியிருப்பது 30,560 கிலோமீட்டர். உத்தரவாதத் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒன்பதாம் ஆண்டு விற்கப் போனால், "ஓட்டமே இல்லையே" என்று பாராட்டிவிட்டு, "பேட்டரி உத்தரவாதம் முடிந்துவிட்டதே" என்று விலையைக் குறைப்பார்கள்.

இன்சூரன்ஸில் ஒரு சலுகை இருக்கிறது என்று விற்பனையாளர் பெருமையாகச் சொன்னார். இருக்கிறது: மூன்றாம் நபர் (தேர்டு பார்ட்டி) பிரீமியத்தில் ஹைபிரிட்டுக்கு 7.5 சதவீதம் தள்ளுபடி. 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள காருக்கு அந்தப் பிரீமியம் 3,416 ரூபாய். தள்ளுபடி 256 ரூபாய். வண்டி விலை கூடியதால் சொந்தச் சேதப் பிரீமியம் ஏறுவதில் இது கரைந்துவிடும். அதைவிட, எந்தக் கார் வைத்திருந்தாலும், குறைவாக ஓட்டுபவர் விசாரிக்க வேண்டியது ஓடும் தூரத்துக்கேற்பக் கட்டும் இன்சூரன்ஸை. 2022 ஜூலையில் ஒழுங்குமுறை ஆணையம் அதற்கு அனுமதி கொடுத்தது. முகவர்கள் தாமாக வாய் திறப்பதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் எடைபோடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டியவற்றுக்கு 40. நான் விசாரித்த ஹைபிரிட் எல்லாமே 4 மீட்டரைத் தாண்டியவை. முழங்காலுக்காக கிளட்ச் இல்லாத கார்தான் வேண்டும் என்றால், சிறிய ஆட்டோமேட்டிக் ஒன்று பாதி விலையில் அதைச் செய்துவிடும். கிளட்ச் வேண்டாம் என்பதும் ஹைபிரிட் வேண்டும் என்பதும் ஒன்று என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

நிற்கிற வண்டி

பணம் ஒரு பொருட்டில்லை என்பவர்களும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

தம்பி வண்டிக்கு என்ன ஆயிற்று? பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தது. இறந்தது, எல்லாக் கார்களிலும் இருக்கும் 12 வோல்ட் சிறிய பேட்டரி. ஹைபிரிட்டில் வண்டியை இழுப்பது பெரிய பேட்டரி என்றாலும், கதவைத் திறப்பது, கணினியை எழுப்புவது, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே சுவிட்சைப் போடுவது எல்லாம் சிறியதன் வேலை. யானைக்குத் தீனி இருந்தும் பாகன் மயங்கிவிட்டான். வண்டி நிற்கும்போதும் திருட்டு அலாரமும், சாவி பக்கத்தில் வருகிறதா என்று கவனிக்கும் உணர்வியும் துளித்துளியாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். பேட்டரி புதிதாக இருந்தால் சில வாரம் தாங்கும். மூன்று வயதான பேட்டரி என்றால் என் 19 நாளே சந்தேகம்தான்.

அப்படி ஆகிவிட்டால்: ரிமோட்டுக்குள் ஒரு சிறிய இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், அதை உருவிக் கதவைத் திறக்கலாம். இன்னொரு வண்டியின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் கொடுத்து எழுப்பலாம். எந்த முனையில் மாட்டுவது என்பதைக் கையேட்டில் பாருங்கள், சில வண்டிகளில் பேட்டரி டிக்கியில் இருக்கும், முனை மட்டும் பானட்டுக்குள் இருக்கும். நாலு பையன்களைக் கூப்பிட்டுத் தள்ளிக் கிளப்பும் நம் ஊர் வைத்தியம் இதில் செல்லாது. உங்கள் ஹைபிரிட்டிலிருந்து அடுத்தவர் வண்டிக்கு மின்சாரம் கொடுப்பதையும் பல கையேடுகள் தடுக்கின்றன.

வராமல் தடுப்பதுதான் என் சனிக்கிழமை வேலை. பிரேக்கை மிதித்துப் பொத்தானை அமுக்கி, "ரெடி" விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் வாரம் இன்ஜின் சத்தம் கேட்கவில்லையே என்று மறுபடி மறுபடி அமுக்கி அணைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் வராது, விளக்குதான் அத்தாட்சி. பிரேக்கை மிதிக்காமல் அமுக்கினால் பாட்டும் விளக்கும் மட்டும் வரும். அந்த நிலையில் சிறிய பேட்டரிக்கு ஒன்றும் ஏறாது, இருப்பதும் போகும். ரெடி நிலையில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வைத்தால் பெரியது சிறியதை நிரப்பிவிடும். நின்ற இடத்தில் வைப்பதைவிட ஓட்டுவது நல்லது. டயர் ஒரே இடத்தில் அழுந்தாது, பிரேக் வட்டில் படிந்த துரு தேயும். ஹைபிரிட்டில் மோட்டாரே பாதி பிரேக் வேலையைச் செய்துவிடுவதால் அந்த வட்டுகள் தாமாகச் சுத்தமாகா. காலியான இடத்தில் நாலைந்து முறை அழுத்திப் பிடித்துவிடுவேன்.

ஓர் எச்சரிக்கை. மூடிய ஷெட்டுக்குள் ரெடியில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். இன்ஜின் தானாக எழும்பும். புகை தேங்கினால் உயிருக்கு ஆபத்து. சத்தம் இல்லாததால் அணைக்க மறந்து போவதும் நடக்கும்.

பெரிய பேட்டரிக்கும் நெடுந்தூக்கம் ஆகாது. சில மாதத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டச் சொல்லும் கையேடுகள் உண்டு. அதைவிட அதற்கு ஆகாதது வெயில். வெளிநாட்டுக் குறிப்புகளில் பனிக்காலத்தில் இன்ஜின் சூடேறாத தொல்லையைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். மதுரைக்காரர் அதைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை. நமக்கு அக்னி நட்சத்திரம்தான் கவலை. லித்தியம் பேட்டரி சூட்டில் சீக்கிரம் மூப்படையும். தெருவில், தகரக் கூரையடியில் நிறுத்துபவர் இதை யோசிக்க வேண்டும். பல ஹைபிரிட் வண்டிகளில் பின்னிருக்கைப் பக்கம் பேட்டரி குளிர்வதற்கு ஒரு காற்றுத்துளை இருக்கும். அதன்மேல் சப்பட்டை மாம்பழக் கூடையையோ அரிசி மூட்டையையோ சாய்க்கக் கூடாது. சர்வீஸில் அதன் வடிகட்டியைத் துடைத்தார்களா என்று கேளுங்கள்.

பெட்ரோலும் பழையதாகும். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஹைபிரிட் கொஞ்சமாகக் குடிப்பதால் ஒரு முழு டேங்க் என் ஓட்டத்துக்கு மூன்று மாதம் வரும். மிச்சம் பிடிப்பதே இந்த இடத்தில் குறையாகிவிடுகிறது. பாதி டேங்க் நிரப்பி அடிக்கடி மாற்றுவது நல்லது.

எலியைச் சொல்லாமல் விட்டால் என் மெக்கானிக் கோபித்துக்கொள்வார். நிற்கிற வண்டியின் பானட்டுக்குள் எலி குடியேறுவது நம் ஊரில் புதிதல்ல. என் காரிலேயே இரண்டு முறை வயரைக் கடித்திருக்கிறது. பழங்காநத்தத்தில் இருக்கும் அவர் அரை மணியில் ஒட்டுப்போட்டுக் கொடுத்துவிடுவார். ஹைபிரிட்டைப் பற்றிக் கேட்டேன். "ஆரஞ்சு வயர் இருக்கிற வண்டியில் நான் கை வைக்க மாட்டேன், டீச்சர்" என்றார். நியாயம். ஆரஞ்சு நிறம் உயர் மின்னழுத்தத்தின் அடையாளம். பயிற்சி இல்லாதவர் தொடக் கூடாது. ஆக, தெருமுனை மெக்கானிக் என்ற சௌகரியத்தில் பாதி போய்விடும். புகையிலைக் கட்டோ, இரசகற்பூரமோ, எது போட்டாலும் வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து பார்ப்பதற்கு ஈடு கிடையாது.

மூன்று மாதம் ஊரில் இல்லை, சாவி கொடுக்க அக்காவும் இல்லை என்றால், சிறிய பேட்டரியின் எதிர்மின் (நெகட்டிவ்) முனையைக் கழற்றி வைக்கலாம். ஆனால் பேட்டரி டிக்கிக்குள் இருந்து, டிக்கி மின்சாரத்தில் மட்டும் திறக்கும் வகை என்றால், கழற்றி மூடிய பிறகு திறக்க வழியிருக்கிறதா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும் விதம்

ஷோரூமில் சுற்றுச்சாலைப் பக்கம் கூட்டிப்போய் ஐந்து கிலோமீட்டர் ஓட்டக் கொடுப்பார்கள். அதில் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். நீங்கள் வழக்கமாகப் போகும் வழியில், போகும் நேரத்தில் கேளுங்கள். நான் மாலை ஆறு மணிக்குக் காளவாசல், பெரியார், சிம்மக்கல், கோரிப்பாளையம் என்று பிடிவாதமாகக் கேட்டேன். முகம் சுளித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். ஏசி ஓடட்டும், வீட்டில் நாலு பேர் ஏறட்டும். நெரிசலில் அந்த வண்டி சத்தமே இல்லாமல் ஊர்வதை அனுபவித்தால்தான் தெரியும். ஒத்துக்கொள்கிறேன், அந்தச் சுகத்துக்கு என் பழைய காரில் ஈடு இல்லை. டிக்கியையும் திறந்து பாருங்கள்; பேட்டரி இடத்தைத் தின்றிருக்கும்.

பழைய ஹைபிரிட் மலிவாக வருகிறதென்றால், உத்தரவாதத்தில் எத்தனை ஆண்டு மீதி, அது உங்கள் பெயருக்கு மாறுமா, கம்பெனி சர்வீஸில் எடுத்த பேட்டரி பரிசோதனைத் தாள் இருக்கிறதா, இந்த மூன்றும் கையில் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். "ஓட்டமே இல்லாத வண்டி" என்பதை நற்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது இவ்வளவு படித்த பிறகு உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் குறைவாக ஓட்டுபவர் யாருமே வாங்கக் கூடாதா? தினமும் எடுப்பவர், ஊருக்குள்ளேயே ஓடுபவர், நிழலில் நிறுத்த இடம் உள்ளவர், இன்னும் இரண்டு மூன்று ஆண்டில் மகனோ மருமகளோ அதே வண்டியில் வேலைக்குப் போகப்போகிறவர் வாங்கலாம். அந்த அமைதிக்காகவே மூன்று லட்சம் கொடுக்கிறேன் என்று கண்ணைத் திறந்துகொண்டு சொல்பவரும் வாங்கலாம். பட்டுப்புடவைக்கு யாரும் மைலேஜ் பார்ப்பதில்லை. மாதம் ஒருமுறை நெடுந்தூரம் மட்டும் போகிறவர், எந்தப் புதிய காரையும் வாங்குமுன் வாடகைக் காரின் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். என்னிடம் ராஜபாளையம் போய்வர 3,500 கேட்கிறார்கள், ஆண்டுக்கு 42,000. புதிய கார் நின்ற இடத்தில் இழக்கும் மதிப்பே இதைவிட அதிகம். எனக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும் என்பதால் அந்தக் கணக்கை நான் மகனிடம் காட்டவில்லை.

நான் செய்தது இதுதான். என் பழைய காரின் டயரைக் குனிந்து பார்த்தேன். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3516 என்று இருந்தது, அதாவது 2016-ன் 35-வது வாரம். பட்டன் தேயவே இல்லை, ஆனால் ரப்பர் கல்லாகியிருந்தது. குறைவாக ஓட்டுபவரின் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று இறுகுவதுதான் அதிகம். நான்கு டயரும் ஒரு பேட்டரியும் 23,000 ரூபாய் ஆயிற்று. பதிவுச் சான்றுக்கு 15 ஆண்டு முடிவது 2028-ல். அப்போது நோட்டை மறுபடி எடுப்பேன்.

தம்பி திரும்பி வந்துவிட்டான். வண்டி ஒரே அமுக்கில் எழுந்தது. டிசம்பரில் மறுபடி போகிறானாம். சாவியை இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.